பொதுப் பணமும் திருநங்கையர் மருத்துவமும்

(வட்டார வளர்ச்சி அதிகாரி ஒருவர்)

தாம் செலுத்தும் வரி எவ்வழியில் செலவாகிறது என்று கேட்கும் உரிமை ஒவ்வொரு குடிமகனுக்கும் உண்டு. அவ்வுரிமையைக் கிராம மக்கள் இப்பொழுது தயக்கமின்றிப் பயன்படுத்தி வருவது, உள்ளாட்சி வேரூன்றி வருகிறது என்பதற்கு நல்ல அடையாளமேயாகும். அண்மையில் பாலசமுத்திரத்தில் உழவர் சிலருடன் அளவளாவிக் கொண்டிருந்தபோது, முதியவர் ஒருவர், “ஏனுங்க, மலை மேலே டோலி கட்டி நோயாளியைத் தூக்கிட்டு வர்ற ஊருக்கு ரோடு போடப் பணம் இல்லீங்கறீங்க. திருநங்கைங்களுக்கு ஆபரேசன் செய்ய மட்டும் சர்க்காருக்கு எங்கிருந்து பணம் வருது?” என்று வினவினார். பாலசமுத்திரம் பேரூராட்சியாதலால் எமது ஒன்றியத்தின் கணக்குப் புத்தகம் அதன் எல்லைக்குள் செல்வதில்லை. ஆயினும் சுற்றுப்புற ஊராட்சிகளின் உழவர்கள் உரம் வாங்கவும் தேநீர் அருந்தவும் கூடுமிடம் அதுவே. அவர்களுடைய மனத்திலுள்ளதை அறிய அதனினும் வாய்ப்பான இடம் எமக்கு வேறில்லை. கேள்வியில் குத்தல் இருந்தது, நியாயமும் இருந்தது. அங்கு நின்றவாறே சொன்ன விடை எமக்கே போதுமானதாகத் தோன்றாமையால், இதனைச் சற்று விரிவாக எழுத முற்பட்டோம்.

ஆணெனப் பதிவு செய்யப்பட்டுத் தம்மைப் பெண்ணாகவே உணர்ந்து வாழ்வோரைத் திருநங்கையர் என்றும், பெண்ணெனப் பதிவு செய்யப்பட்டு ஆணாக வாழ்வோரைத் திருநம்பியர் என்றும் இன்று வழங்குகிறோம். (பழைய இழிசொற்களை ஊராட்சித் தீர்மானப் புத்தகத்தில் எழுதுவோர் இன்னும் ஆங்காங்கே உளர், அது தகாது.) 2011ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கெடுப்பில் ஆண், பெண் என்ற இரண்டிலும் சேராத ‘பிறர்’ என்னும் பிரிவில் தமிழ்நாட்டில் 22,364 பேர் பதிவாயினர். அப்போது மாநிலத்தின் ஜனத்தொகை 7 கோடியே 21 லட்சம். அதாவது, ஏறத்தாழ 3,200 பேருக்கு ஒருவர். கணக்கெடுக்க வந்தவரிடம் உள்ளதைச் சொல்ல அஞ்சியவர்களும், வீட்டார் மறைத்துவிட்டவர்களும் இதில் சேரார். எவ்வாறு பார்த்தாலும், நடுத்தர அளவுள்ள ஊராட்சி ஒன்றில் ஓரிருவர் பிறந்திருப்பர். அவர்கள் அவ்வூரிலேயே இப்போதும் இருக்கிறார்களா என்பது வேறு கேள்வி.

இவர்களுக்கென நல வாரியம் ஒன்றை இந்தியாவிலேயே முதன்முதலாக அமைத்தது தமிழ்நாடு அரசாங்கமே. அது தோன்றிய நாள் 2008 ஏப்ரல் 15. அதையொட்டிச் சென்னை அரசு பொது மருத்துவமனையில் பால் மாற்று அறுவைச் சிகிச்சை இலவசமாகச் செய்யப்படலாயிற்று. பின்னர் மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையிலும் இவர்களுக்கெனத் தனிப் புறநோயாளர் பிரிவு ஏற்பட்டது. 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதியரசர்கள் கே. எஸ். இராதாகிருஷ்ணன், ஏ. கே. சிக்ரி ஆகியோர் அளித்த தீர்ப்பு, மருத்துவமனைகளில் இவர்களுக்குத் தக்க கவனிப்பு அளிக்குமாறு மத்திய, மாநில அரசாங்கங்களைப் பணித்தது. 2019இல் பாராளுமன்றம் இயற்றிய சட்டத்தின் 15ஆம் பிரிவு, அறுவைக்கும் இயக்குநீர்ச் சிகிச்சைக்கும் ஏற்பாடு செய்வதை அரசாங்கத்தின் கடமையாக்கிற்று. 2022 ஆகஸ்டு 24 அன்று மத்திய அரசாங்கம் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின்கீழ் ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 5 லட்ச ரூபாய் வரை காப்பீடு அளிக்க உடன்படிக்கை செய்துகொண்டது. ஆகவே இது ஏதோ ஓர் அதிகாரியின் இரக்கத்தால் வழங்கப்படுவதன்று. நீதிமன்றமும் சட்டசபையும் பாராளுமன்றமும் கடந்து வந்த பொறுப்பு.

எந்தப் பணப்பை?

சட்டம் இருக்கிறது என்பது முதியவருக்கு விடையாகாது. “சட்டம் போட்டவரும் எம் பணத்தில்தானே போட்டார்?” என்று அவர் கேட்பார், கேட்கவும் செய்தார். எனவே கணக்கைப் பார்ப்போம்.

ஊராட்சிக்குப் பணம் வரும் வழிகள் மூன்று. வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம் முதலிய சொந்த வருவாய் ஒன்று; மாநில நிதிக் குழு மானியம் ஒன்று; மத்திய நிதிக் குழு மானியம் ஒன்று. இவற்றுள் எதிலிருந்தும் ஒரு காசேனும் அறுவைச் சிகிச்சைக்குச் செல்வதில்லை. நீங்கள் கட்டும் வீட்டு வரி சென்னைக்குப் போவதே இல்லை. பதினைந்தாவது நிதிக் குழு 2021 முதல் 2026 வரையிலான காலத்திற்கு அளித்த மானியத்தில் நூற்றுக்கு அறுபது பங்கு குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டுமே என்று கட்டு விதிக்கப்பட்டது. ஊராட்சித் தலைவரே மனம் வைத்தாலும் அவ்வறுபது பங்கை வேறொன்றிற்குத் திருப்ப இயலாது. திருநங்கையர் மருத்துவச் செலவு மக்கள் நல்வாழ்வுத் துறையின் கணக்கைச் சேர்ந்தது. மலைச்சாலை அதைச் சேர்ந்ததன்று.

“ஒரே அரசாங்கந்தானே? இந்தப் பையிலிருந்து அந்தப் பைக்கு மாற்றலாகாதா?” என்றால், கோட்டையில் வரவு செலவுத் திட்டம் வகுப்போர் மாற்றலாம். அப்படியானால் மாற்றுவதற்கு எவ்வளவு இருக்கிறதென்று பார்க்கவேண்டும். 2025–26ஆம் ஆண்டுக்கு மாநில வரவு செலவுத் திட்டத்தில் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு 21,906 கோடி ரூபாயும், ஊரக வளர்ச்சித் துறைக்கு 29,465 கோடி ரூபாயும் ஒதுக்கப்பட்டன. வாதத்தின் பொருட்டு, அறுவை ஒன்றுக்கு அரசாங்கத்திற்கு 2 லட்ச ரூபாய் செலவாகிறது எனவும், ஆண்டுக்கு இருநூறு பேருக்கு அது நடைபெறுகிறது எனவும் வைத்துக்கொள்வோம். மொத்தம் 4 கோடி ரூபாய். மக்கள் நல்வாழ்வுத் துறை செலவிடும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் அது இரண்டு காசுக்கும் குறைவு. இவ்விரு எண்களும் கணக்குப் பழகுவதற்காக யாம் வைத்துக்கொண்டவையே. இருநூறை நானூறாக்கினாலும் நான்கு காசைத் தாண்டாது.

மத்திய அரசாங்கத்தின் கணக்கும் இத்தகையதே. 2022 பிப்ரவரியில் தொடங்கிய ‘ஸ்மைல்’ திட்டத்திற்கு 2021–22 முதல் ஐந்தாண்டுகளுக்கு ஒதுக்கப்பட்டது 365 கோடி ரூபாய். திருநங்கையர், திருநம்பியரின் மறுவாழ்வும் பிச்சையெடுப்போரின் மறுவாழ்வும் இரண்டுமே அதில் அடங்கும். ஆண்டுக்கு 73 கோடியை நாட்டின் ஏறத்தாழ 140 கோடி மக்களுக்குப் பகிர்ந்தால் தலைக்கு ஐம்பத்திரண்டு காசு விழும்.

4 கோடி ரூபாயில் ஒரு மலை ஊருக்குச் சில கிலோமீட்டர் சாலையேனும் போடலாமே என்பார்க்கு யாம் மறுப்புக் கூறோம். சாலையில்லாத ஊருக்கு அது பெருந்தொகைதான். கொடைக்கானல் மலைச்சரிவிலுள்ள வெள்ளகவி மக்கள் கருவுற்ற பெண்களையும் நோயாளிகளையும் தலைமுறை தலைமுறையாகத் தோளிற் சுமந்து இறக்கியதை நம் மாவட்டத்தில் அறியாதார் இல்லை. ஆனால் இத்தகைய ஊர்களுக்குச் சாலை தாமதப்படுவது பணமின்மையால் மட்டுமன்று. காட்டு நிலத்தின் வழியே சாலை அமைக்க 1980ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அனுமதி பெறல் வேண்டும். அளவெடுத்தல், மாற்று நிலம் காட்டுதல், மர இழப்பீடு என்று கோப்பு நடக்கும் தூரம் மலைப்பாதையினும் நீண்டது. எந்தத் திருநங்கையின் அறுவையை நிறுத்தினாலும் அக்கோப்பு ஓர் அங்குலமும் நகராது. அதனை நகர்த்த வேண்டியவர்கள் எம்மைப் போன்ற அதிகாரிகளும் மக்கள் பிரதிநிதிகளுமே.

வரி செலுத்துவோர் யார்?

“வரி கட்டுபவர் நாங்கள், பயனடைபவர் அவர்கள்” என்ற எண்ணமும் சற்று ஆராயத்தக்கது. வருமான வரி செலுத்துவோர் நம் கிராமங்களில் மிகச் சிலரே. உழவரும் கூலியாளரும் செலுத்துவது, கடையில் வாங்கும் ஒவ்வொரு பொருளிலும் அடங்கியுள்ள சரக்கு மற்றும் சேவை வரியே. கைப்பேசிக்கு நூறு ரூபாய் கட்டணம் கட்டினால் அதன்மேல் பதினெட்டு ரூபாய் வரி. பழனி அடிவாரத்தில் பூ விற்கும் திருநங்கையும் அதே பதினெட்டு ரூபாயைத்தான் கட்டுகிறார். அவருக்கென்று தள்ளுபடி ஏதுமில்லை. வரவு செலவைத் தீர்மானிக்கும் இடத்திலும் அவர்கள் அமர்ந்திருக்கிறார்கள்: திருச்செங்கோடு ஊராட்சி ஒன்றியத்திற்கு 2020 ஜனவரியில் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ரியா ஒரு திருநங்கை.

இனி, ‘என் பணம் எனக்குப் பயன்படாத ஒன்றிற்குப் போகலாமா’ என்ற வாதம் உழவருக்கே ஆபத்தானது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். பாலாறு–பொருந்தலாறு அணை பொதுப் பணத்தில் கட்டப்பட்டது. ஆயக்கட்டில் ஒரு சென்ட் நிலமும் இல்லாத பட்டணத்து நெசவாளியும் அதற்குத் தம் பங்கைச் செலுத்தியிருக்கிறார். பம்பு செட்டுகளுக்கு முப்பதாண்டுகளுக்கும் மேலாக இலவச மின்சாரம் வழங்கப்படுகிறது. தமக்குக் கிணறு இல்லையென்பதால் அதனை நிறுத்துக என்று நகரவாசி கேட்கத் தொடங்கினால், நாம் என்ன விடை சொல்வோமோ அதே விடையைத்தான் திருநங்கையும் நமக்குச் சொல்வார்.

பயிர்க் காப்பீட்டை எண்ணிப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் காரீப் பயிருக்கு உழவர் கட்டுவது காப்பீட்டுத் தொகையில் நூற்றுக்கு இரண்டு; எஞ்சிய பிரிமியத்தை மத்திய, மாநில அரசாங்கங்கள் ஏற்கின்றன. உம் வயலில் சேதமில்லாத ஆண்டில், எங்கோ மூழ்கிய வயலுக்கு உம் பிரிமியம் போய்ச் சேர்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் இவ்வாறே இயங்குகிறது. 2022இல் செய்யப்பட்ட ஒப்பந்தப்படி குடும்பம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 849 ரூபாய் பிரிமியத்தை அரசாங்கமே செலுத்துகிறது. செவிப்புலன் இல்லாமற் பிறந்த குழந்தைக்கு உட்செவிக் கருவி பொருத்துவதற்குப் பல லட்சம் ஆகும். அப்படிப்பட்ட குழந்தைகள் மிகச் சிலரே. அச்செலவும் இத்திட்டத்தில் ஏற்கப்படுகிறது. ‘எம் ஊரில் செவிட்டுக் குழந்தை இல்லையே’ என்று எவரும் முறையிட்டதாக யாம் கேட்டதில்லை.

அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகராட்சி, தன் ஊழியர்களின் மருத்துவக் காப்பீட்டில் இச்சிகிச்சையை 2001இல் சேர்த்தது. செலவு கட்டுக்கடங்காமற் போகுமென அஞ்சி, எல்லா ஊழியரிடமும் மாதந்தோறும் ஒரு சிறு கூடுதல் தொகை பிடிக்கப்பட்டது. ஐந்தாண்டுகளில் 56 லட்சம் டாலர் சேர்ந்தது. செலவானதோ, 37 கோரிக்கைகளுக்கு 4 லட்சம் டாலருக்கும் குறைவு. அதன்பின் கூடுதல் பிடித்தமே கைவிடப்பட்டது. அச்சத்திற்கும் கணக்கிற்கும் இருந்த தூரம் இவ்வளவு.

உண்மையில் எது பற்றாக்குறை?

இவ்வளவு கூறியபின், போட்டியே இல்லை என்று யாம் சாதித்தால் அது நேர்மையாகாது. போட்டி உண்டு, அது ரூபாயில் இல்லை, மருத்துவமனையின் கைகளில் இருக்கிறது. இவ்வறுவையைச் செய்வோர் ஒட்டுறுப்பு அறுவை வல்லுநரும் சிறுநீரக அறுவை வல்லுநருமாவர். அதே வல்லுநர்களுக்காகத் தீக்காயமுற்ற பெண்ணும், கரும்பு ஆலையில் கை நசுங்கிய தொழிலாளியும், சிறுநீர்க் கல்லால் துடிக்கும் உழவரும் காத்திருக்கின்றனர். அறுவைக்கூடமும் மயக்க மருந்து வல்லுநரும் ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரந்தான் கிடைப்பர். இதனை மறைத்துப் பேசுவதால் திருநங்கையருக்கும் நன்மையில்லை. எமது அபிப்பிராயம் இதுவே: அவசர நோயாளி யாராயினும் முதலில் செல்லட்டும், அவசரமற்றவர்களின் வரிசையில் பதிவு எண்படி அவரவர் முறை வரட்டும், அவ்வரிசையில் எவரையும் முன்னே தள்ளவும் வேண்டா, ‘இன்று போய் நாளை வா’ என்று ஓயாமல் பின்னே தள்ளவும் வேண்டா. வல்லுநர் பணியிடங்களைப் பெருக்கினால் வரிசையிலுள்ள எல்லாருக்குமே காத்திருப்புக் குறையும். பணம் கேட்பதானால் அதற்காகக் கேட்பதே பொருத்தம்.

அரசு மருத்துவமனை கைவிட்டால் அச்செலவு மறைந்து போவதில்லை என்பதையும் நினைவில் வைத்தல் வேண்டும். 2023 பிப்ரவரியில் ஆந்திர மாநிலம் நெல்லூரில், ஒரு தங்கும் விடுதி அறையில், மருந்தியல் படித்த மாணவர் இருவர் இவ்வறுவையைச் செய்ய முற்பட்டு, அதற்கு உட்பட்டவர் உயிரிழந்தார். நம் நாட்டில் முன்னாளில் மருத்துவம் பயிலாதோர் கத்தி கொண்டு செய்த முறையில் மாண்டவரும், சிறுநீர்ப் பாதை அடைபட்டு வாழ்நாள் முழுதும் வருந்தியவரும் பலர். அவ்வாறு சீழ் பிடித்து வருவோரை அரசு மருத்துவமனை திருப்பி அனுப்ப முடியுமா? இரண்டாவது அறுவையும் நீண்ட நாள் படுக்கையும் பொதுப் பணத்திலேயே நடக்கும். தனியார் மருத்துவத்திற்காக வட்டிக்குக் கடன் பட்டவர், அதை அடைக்கக் கடைவீதியில் கை நீட்டுவதையும் வேறு வழிகளில் தள்ளப்படுவதையும் நாம் கண்டிருக்கிறோம். முதற் செலவை மறுத்துவிட்டு இரண்டாஞ் செலவைத் தாங்குவது சிக்கனமாகாது.

அறுவை செய்துகொண்டோர் பின்னர் வருந்துவதில்லையா என்று கேட்போரும் உளர். 27 ஆய்வுகளில் 7,928 நோயாளரைப் பற்றிக் கிடைத்த விவரங்களைத் தொகுத்து 2021இல் வெளியான ஓர் ஆய்வு, வருந்தியவர் நூற்றுக்கு ஏறத்தாழ ஒருவர் என்றது. அவ்வாய்வுகள் ஒரே சீரானவையல்ல என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். வெளிநாடுகளில் இன்று நடைபெறும் கடுமையான தர்க்கம் பெரும்பாலும் வயது வராதோருக்கான மருந்துகளைப் பற்றியது. பிரிட்டனில் 2024 ஏப்ரலில் மருத்துவர் ஹிலரி காஸ் அளித்த அறிக்கை, சிறாருக்கான சான்றுகள் வலுவற்றவை என்று எச்சரித்தது. நம் அரசு மருத்துவமனைகளில் இவ்வறுவை பதினெட்டு வயது நிறைந்தவர்க்கே உரியது. அதற்கு முன் மனநல மருத்துவர் உள்ளிட்டோரின் ஆலோசனையும் உண்டு. அங்குள்ள தர்க்கத்தை அப்படியே பெயர்த்து இங்கே நடுவது பொருந்தாது.

காசு செலவில்லாத ஒரு சீர்திருத்தத்தையும் இடையே குறிப்பிடலாம். 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதியரசர் ஜி. ஆர். சுவாமிநாதன், ஆணென்றோ பெண்ணென்றோ தெளிவாகாத உறுப்புடன் பிறக்கும் குழந்தைகளுக்கு, உயிருக்கு ஆபத்தான நிலையிலன்றி, அவசரப்பட்டு அறுவை செய்தலாகாது எனத் தீர்ப்பளித்தார். அரசாங்கமும் அவ்வாண்டே அதனை ஆணையாக்கிற்று. கத்தி வைக்காமலிருப்பதும் சில வேளைகளில் மருத்துவமே.

இனி ஊராட்சி செய்யக்கூடியது யாது? திருநங்கையரின் மருத்துவத் தேவை என்றவுடன் அறுவையையே எல்லாரும் நினைக்கிறார்கள். பலருக்கு அது வேண்டுவதேயில்லை. அவர்களுக்கும் காய்ச்சல் வருகிறது. சர்க்கரை நோய், காச நோய் வருகின்றன. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் சொல்லி அழைக்கையில் எழும் சிரிப்புக்கு அஞ்சியே மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்கி நோயை முற்றவிடுவோர் உண்டு. அச்சிரிப்பை நிறுத்துவதற்கு மானியம் வேண்டியதில்லை. சுகாதார நிலையத்திற்குச் செல்லும் உறுப்பினர் ஒருவர் மருத்துவ அதிகாரியுடன் ஒரு சொல் பேசினால் போதும்.

காப்பீட்டில்தான் பெரிய முட்டுக்கட்டை இருக்கிறது. முதலமைச்சர் காப்பீடு குடும்பத்திற்கு உரியது. குடும்ப அட்டையைக் கொண்டே பதிவு நடக்கிறது. பதினாறு, பதினேழு வயதில் வீட்டைவிட்டு விரட்டப்பட்டவரின் பெயர் பழைய குடும்ப அட்டையிலேயே தங்கிவிடும், அல்லது வீட்டாரால் நீக்கப்பட்டிருக்கும். ஆதாரில் ஒரு பெயர், வழக்கில் ஒரு பெயர். வாடகை வீட்டுக்காரர் இருப்பிடச் சான்றுக்குக் கையெழுத்திட மறுப்பார். ஐந்து லட்ச ரூபாய்க் காப்பீடு காகிதத்தில் இருந்தும், ஓர் அட்டை இல்லாமையால் அது எட்டாமற் போகிறது. கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்றுக்கு விண்ணப்பிப்பது, புதிய குடும்ப அட்டைக்கு எழுதுவது, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டுப் பதிவு மையத்திற்கு அனுப்பிவைப்பது ஆகிய மூன்றிலும் ஊராட்சி உறுப்பினர் துணை நிற்கலாம். நல வாரிய அடையாள அட்டை இல்லாதவரைத் திண்டுக்கல்லிலுள்ள மாவட்டச் சமூக நல அலுவலகத்திற்கு அனுப்புதல் வேண்டும்.

மதுரைக்குச் செல்வோர் விஷயத்தில் இன்னொன்று. பழனியிலிருந்து ஏறத்தாழ 120 கிலோமீட்டர். ஆலோசனைக்கும் பரிசோதனைக்கும் பலமுறை போய்வர நேரும். நகரப் பேருந்தில் இலவசப் பயணம் இவர்களுக்கு 2021 முதல் உண்டெனினும், அது நெடுந்தூரப் பேருந்துக்குச் செல்லாது. அரசு மருத்துவமனை வார்டில் நோயாளியுடன் ஒருவர் தங்குவது நம் வழக்கம். கஞ்சி வாங்கி வரவும், மருந்துச் சீட்டைக் கொண்டு ஓடவும் ஆள் வேண்டும். வீட்டார் வாரா நிலையில், மகளிர் சுய உதவிக் குழுவினர் முறை வைத்து ஒருவரை அனுப்பிவைக்க முன்வந்தால் பேருதவியாகும். ஆண்கள் வார்டா, பெண்கள் வார்டா என்ற தகராறு எழுந்தால் மருத்துவமனையின் நிலைய மருத்துவ அலுவலரை நேரே கண்டு கேட்கலாம். அறுவைக்குப்பின் சில வாரங்கள் குனிந்து நிமிரும் வேலை கூடாதாகையால், நூறு நாள் வேலைக்கு வரும் திருநங்கையாயின் அக்காலத்திற்கு வேலைக்கு அழைக்காமலிருக்குமாறு பணித்தளப் பொறுப்பாளரிடம் முன்னதாகவே தெரிவித்து வைத்தல் நலம்.